கடனில் பாதி என்று ஒன்று கிடையாது

வணக்கம் நேயர்களே. வங்கியில் கடன் பிரிவிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும்போது எந்த வழியில் அடைப்பது என்பதுதான் விஷயம்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர், அந்த அம்மா தனியார் பள்ளி ஆசிரியை. ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றதில் மாதம் 55,000 வந்துகொண்டிருந்த வீட்டில் 45,000தான் வருகிறது. கடனோ அப்படியே நிற்கிறது. இருவர் பெயரிலும் 18 லட்சம் வீட்டுக்கடன், அவர் பெயரில் 4 லட்சம் பர்சனல் லோன், அதற்கு அந்த அம்மா ஜாமீன், அப்புறம் கணவருடைய கிரெடிட் கார்டில் 90,000. வந்து உட்கார்ந்ததுமே அந்த அம்மா கேட்டது இதுதான்: "சார், இவர் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுத்துடுங்க, என் பாதியை நான் கட்டிக்கிறேன்."

பாதி என்று ஒன்று கிடையாதம்மா என்றேன். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது, இரண்டு பேர் சேர்ந்து திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தால், கடன் கொடுத்தவர் அதில் யாராவது ஒருவரைப் பிடித்து முழுத்தொகையையும் கேட்கலாம். ஜாமீன்தாரருக்கும் பொறுப்பு குறைவு இல்லை. சாதாரணமாகக் கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அவ்வளவும் அவருக்கும் உண்டு. "சம்பளம் பத்தலை, மனைவி பெயரையும் சேர்த்துடலாம்" என்று கிளையில் சொன்னபோது, ஒரு கையெழுத்துதானே என்று போட்டுவிடுகிறோம், அந்த ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு கனம். விவாகரத்தே ஆனாலும் இது கரையாது. கடனைக் கணவர்தான் கட்டவேண்டும் என்று அவர்களுக்குள் முடிவானாலும் வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லையே, தவணை நின்றால் மனைவிக்கும் நோட்டீஸ் வரத்தான் செய்யும்.

ஆனால் கிரெடிட் கார்டு அப்படி இல்லை. அது அவர் பெயரில் மட்டும் இருக்கிறது, சட்டப்படி அந்த அம்மாவுக்கு அதில் பொறுப்பில்லை. அதனால் எந்தத் திட்டத்துக்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எந்தக் கடனில் யார் கையெழுத்து, கடன்தாரராகவா ஜாமீனாகவா, வட்டி எவ்வளவு என்று இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுங்கள். பல வீடுகளில் இந்தத் தாள்தான் முதல் சண்டையைக் கிளப்பும், ஏனென்றால் ஒருவருக்குத் தெரியாத கடன் ஒன்று கட்டாயம் அதில் வரும். வரட்டும், இப்போது வருவது நல்லது.

அவர் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். வீட்டுக்கடனுக்கு இன்னும் 15 வருஷம் பாக்கி, அதை 20 ஆக்கிவிட்டால் தவணை குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார். சரி, போட்டுப் பார்த்தோம். 9 சதவீத வட்டியில் 15 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 18,250, 20 வருஷத்துக்கு 16,200. மாதம் இரண்டாயிரம் மிச்சம், ஆனால் மொத்தமாகக் கட்டுவது ஆறு லட்சம் கூடிவிடுகிறது. இரண்டாயிரத்துக்காக ஆறு லட்சமா என்று அவரே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேறு வழியே இல்லாத வீட்டுக்கு இந்த நீட்டிப்பு உயிர்த்தண்ணீர்தான், நான் மறுக்கவில்லை, ஆனால் இதைக் கடைசியாக எடுங்கள்.

கார்டைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 90,000க்கு வட்டி மட்டும் 3,150. அதே 90,000ஐ வருஷத்துக்கு 10 சதவீத நகைக்கடனில் எடுத்து கார்டை அடைத்தால் மாத வட்டி 750. மிச்சம் 2,400, வீட்டுக்கடனை நீட்டிப்பதில் வருவதைவிடக் கூட. இதைச் சொன்னதும் அந்த அம்மா முகம் மாறிவிட்டது. "அவர் தேய்ச்ச கார்டுக்கு என் நகையா?"

நியாயமான கேள்வி, நான் அதைச் சமாதானம் பேசி அமுக்கவில்லை. அவருக்கு மட்டும் இருந்த கடன் இந்த ஏற்பாட்டால் அந்த அம்மா தலைக்கு வருகிறது என்பது உண்மை. அதனால் மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். கார்டை முதலில் மூடவேண்டும், வெட்டிப் போட்டால் போதாது, வங்கிக்கு எழுதிக்கொடுத்து மூடவேண்டும். நகை அந்த அம்மா பெயரில்தான் அடகு வைக்கப்படவேண்டும், மீட்கும்போது அந்த அம்மா கையில்தான் வரவேண்டும். வட்டி போக அசலில் மாதம் 7,500 கணவர் சம்பளத்திலிருந்து போனால் ஒரே வருஷத்தில் நகை திரும்பிவிடும். கார்டு மூடாமல் நகையை மட்டும் வைத்திருந்தால், ஆறு மாதத்தில் இரண்டு கடனும் இருந்திருக்கும், எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

பிறகு அவர் கேட்டார், பர்சனல் லோனை செட்டில்மென்ட் பேசி முடித்துவிடலாமா, யாரோ போன் செய்து பாதிக்கு முடித்துத் தருகிறோம், அதுவரை தவணை கட்டாதீர்கள் என்கிறார்களே என்று. வேண்டாம் என்றேன். கட்டணம் அவர்களுக்கு, கெட்ட பெயர் உங்களுக்கு. செட்டில்மென்ட் என்றால், நாம் கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறிவிடும், வருஷக்கணக்கில் நிற்கும், கூட்டுக்கடன் என்றால் இருவர் அறிக்கையிலும். நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்கடனுக்குப் போய் நிற்கும்போது அதைத்தான் திருப்பிக் காட்டுவார்கள். நிஜமாகவே கட்ட முடியாதவர்களுக்கு அது தேவைதான், அப்போதும் இடைத்தரகர் வேண்டாம். நேரே வங்கியோடு பேசலாம், லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

இன்னொன்று, தேதி. 90 நாள் தவணை நின்றால் அது வாராக்கடன். வீட்டுக்கடன் என்றால் அதற்குமேல், அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வரும், அதன்பின் வீடே போகலாம். ஆகவே ஒரு தவணை தவறும்போதே, இருவருமாகக் கிளைக்குப் போய், இருவரும் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். ஒருவர் மட்டும் போனால் "அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பித்தான் அனுப்புவார்கள். பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் 30 நாள் பொறுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான்.

அந்தத் தம்பதி போன மாதம் வந்திருந்தார்கள். நகைக்கடனில் நாலு தவணை கட்டியிருந்த ரசீதுகளை அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். கவர் அவரிடம்தான் இருக்கிறது, அவர் கணவரிடம் கொடுப்பதாக இல்லை.

நன்றி, வணக்கம்.