அனுப்பலாமா என்று கேட்கும் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

மெயிலை அனுப்பிய மறு நொடியே வயிற்றில் ஒரு புரட்டல் வருமே, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கோப்பை இணைத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டு இணைக்காமல் விட்டிருப்போம். ஒருவருக்கு எழுத வேண்டிய பதிலை ‘ரிப்ளை ஆல்’ அழுத்தி ஊருக்கே அனுப்பியிருப்போம். முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் கணினி தானாக நிரப்பிய பெயர் வேறு ஆளுடையதாக இருக்கும். அதுவரை கண்ணில் படாதது, அனுப்பிய பிறகு பளிச்சென்று தெரியும்.

போனதைத் திரும்ப வாங்க முடியாதா? முடியாது. மெயிலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. எதிர்ப்பக்கத்து சர்வர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்பதற்கு அடையாளமாக 250 என்ற எண்ணைச் சொல்லிவிட்டால், அப்புறம் அந்த மெயில் அவர்கள் சொத்து. ‘திருப்பிக் கொடு’ என்று கேட்க அந்த நெறிமுறையில் ஒரு கட்டளையே கிடையாது. மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கில் ‘ரீகால்’ இருக்கிறதே என்பீர்கள். அது ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும். வெளியாளுக்குப் போன மெயிலை ரீகால் செய்தால், ‘இன்னார் தம் மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்று அவருக்கு இன்னொரு மெயில் போவதும் உண்டு. அதுவரை படிக்காதவரும் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று தேடிப்பிடித்துப் படிப்பார்!

சரி, என் கதைக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மேலாளருக்கு மட்டும் போக வேண்டிய ஒரு பட்டியலைத் துறை முழுவதற்கும் அனுப்பிவிட்டேன். என்ன பட்டியல் என்று கேட்காதீர்கள். அன்று மாலையே உட்கார்ந்து, அவுட்லுக்கில் நாலு வரி மேக்ரோ, அதாவது அதற்குள்ளேயே ஓடும் குட்டி நிரல் ஒன்று எழுதினேன். பழைய அவுட்லுக்கில், மெயில் கிளம்புவதற்குச் சற்று முன்னால் நம் நிரல் ஓடுவதற்கு ஒரு வாசல் உண்டு. அதில் ‘கேன்சல்’ என்று சொல்லிவிட்டால் மெயில் நின்றுவிடும். அங்கே ஒரு பெட்டியை வைத்தேன். ‘நிச்சயமாக அனுப்பலாமா?’ ஆம், இல்லை. அவ்வளவுதான்.

முதல் நாளே இரண்டு தவறுகளைப் பிடித்துக்கொடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து இருக்கை நண்பருக்கும் போட்டுக்கொடுத்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு வாடிக்கையாளருக்கான விலைப்பட்டியல் இன்னொரு வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. என் கையால்தான்! மேக்ரோ பழுதாகிவிட்டது, பெட்டி வரவே இல்லை என்று நான் சாதித்தேன். நண்பர் சிரித்துக்கொண்டே, “வந்துச்சு சார், நான்தான் பார்த்தேனே. நீங்க டப்புனு என்டர் தட்டிட்டீங்க” என்றார். பெட்டி வந்ததும் எனக்கு ஞாபகமில்லை, என்டர் தட்டியதும் ஞாபகமில்லை.

ஆப்பிளில் 1979இல் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார். ஒரு கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் என்றால், அந்தப் பதிலும் கைப்பழக்கத்தில் சேர்ந்துவிடும். முன்பு அனுப்புவது என்றால் ஒரு தட்டு. பெட்டி வந்த பிறகு இரண்டு தட்டு. கேள்வி கேட்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், கையோ அதை இன்னொரு பொத்தானாக எடுத்துக்கொண்டது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது: எப்போதும் வரும் கேள்வி கேள்வியே இல்லை.

பிறகு அதை மாற்றி எழுதினேன். உள்ளாள் ஒருவருக்குப் போகும் மெயிலுக்குப் பெட்டியே வராது. வெளியாள் இருந்தாலோ, பத்துப் பேருக்கு மேல் போனாலோ மட்டும் வரும். வந்தாலும் ‘நிச்சயமா’ என்று கேட்காது. ‘இது 43 பேருக்குப் போகிறது, அதில் 2 பேர் வெளியாட்கள்’ என்று சொல்லி, அந்த இரண்டு முகவரிகளையும் காட்டும். என்டரைத் தட்டினால் ‘வேண்டாம்’ என்றுதான் அர்த்தம். நினைவில்லாமல் தட்டினால் மெயில் நிற்கும், போகாது.

கைப்பழக்கம் ஏமாந்துபோகும்படி ஜிமெயில்காரர்கள் 2008இல் ஒரு வேடிக்கை செய்தார்கள். மெயில் காகிள்ஸ் என்று பெயர். வார இறுதியில் நள்ளிரவுக்கு மேல் மெயில் அனுப்பப் போனால், முதலில் சில கணக்குகளைப் போடச் சொல்லும். கூட்டல், கழித்தல், பெருக்கல். போதையில்லாமல் தெளிவாக இருந்தால்தான் போட முடியும்! எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு, கை எப்படிப் பழகும்?

ஆனால் என்னைக் கேட்டால், கேட்பதைவிடத் தாமதிப்பதே மேல். அந்தப் புரட்டல் அனுப்பிய பிறகுதானே வருகிறது? அனுப்பு என்று அழுத்திய பிறகும் நிறுத்த உதவும் ஜிமெயிலின் ‘அன்டூ’ 2009இல் சோதனையாக வந்து, 2015இல் முறையான வசதியானது. போன மெயிலை அது பிடித்து இழுப்பதில்லை, மெயிலை அனுப்பாமல் கையில் வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் 5, 10, 20, 30 நொடி என்று இருக்கும். யோசிக்காமல் 30 வையுங்கள். பழைய அவுட்லுக்கில் விதி ஒன்று போட்டு, 120 நிமிடம் வரைகூட நிறுத்தி வைக்கலாம். எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். கைப்பேசியைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். ஒரு வரியில் முடிக்கிறேன்: அதில் கட்டைவிரல் பட்டே மெயில் போய்விடும், ஆகவே ஆண்ட்ராய்டு ஜிமெயில் செயலியின் செட்டிங்ஸில் ‘அனுப்பும் முன் கேட்கவும்’ என்பதை அங்கே மட்டும் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, எழுதி முடித்து, கோப்பையும் இணைத்த பிறகே முகவரியைப் போடுங்கள். முகவரி இல்லாத மெயில் எங்கும் போகாது. பதில் எழுதும்போது மட்டும் அது தானாக வந்து உட்கார்ந்துவிடும், அதை முதலில் வெட்டி எடுத்து… சரி, மணி அடித்துவிட்டது. வணக்கம்.