மீசை இல்லாத கெளுத்தி

வணக்கம் நேயர்களே.

கெளுத்தி என்றதும் மீசைதான் முதலில் ஞாபகம் வரும். நான் இன்று பேசப்போகும் கெளுத்திக்கு மீசை இல்லை என்றே சொல்லிவிடலாம். குஞ்சாக இருக்கும்போது மீசையும் உண்டு, பல்லும் உண்டு. வளர வளரப் பல் போய்விடும். மீசை தேய்ந்து, தேடிப் பார்த்தால்தான் தெரியும். கண் இருக்கிற இடமும் வேறு மாதிரி. வாயோரத்துக்கு நேராக, முகத்தின் அடியில் இறங்கிக் கிடக்கும். செதில் இல்லாத வழவழப்பான சாம்பல் நிற உடம்பு, வெளுத்த வயிறு. நீளம் மூன்று மீட்டர் வரை போகும். இந்த உடம்பை வளர்ப்பது பெரும்பாலும் பாசிதான். ஆறே வருடத்தில் 150 கிலோவைத் தாண்டிவிடக்கூடிய மீன் இது.

இதன் ஊர் தென்கிழக்கு ஆசியாவின் மேகாங் ஆறும் அதன் கிளைகளும். உலகில் வேறெந்த ஆற்றிலும் இயற்கையாகக் கிடையாது. தாய்லாந்தில் இதற்குப் பிளா புக் என்று பெயர். கம்போடியாவில் திரே ரியாச், அதாவது ராஜ மீன். அந்த ‘ரியாச்’ வேறொன்றுமில்லை, நாம் சொல்லும் ராஜாவேதான்.

வட தாய்லாந்தில், லாவோஸை ஒட்டிய கரையில் சியாங் கோங் என்றொரு ஊர். ஏப்ரல் வாக்கில் இந்த மீன் முட்டையிட மேலே ஏறி வரும். முன்பெல்லாம் அங்குள்ள மீனவர்கள் காவல் தெய்வங்களுக்குப் படையல் வைத்து, அனுமதி கேட்ட பிறகுதான் வலையை இறக்குவார்கள். 2005-ல் அங்கே சிக்கிய ஒரு மீன் 2.7 மீட்டர் நீளம், 293 கிலோ எடை. உலகச் செய்தியாயிற்று. இனப்பெருக்கத்துக்காக அதை உயிரோடு காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் ஊரார் கறியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த மீனின் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தம்தான் அதிகம். 1990-ல் 69 மீன்கள் கிடைத்த ஊர் அது. 2001 முதல் 2003 வரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவு அரிதாகிவிட்ட மீன் அப்படிப் போனது.

அப்புறம் அதே மீனவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். 2006-ல், அப்போதைய தாய்லாந்து மன்னர் அரியணை ஏறி அறுபது ஆண்டு நிறைந்ததை ஒட்டி, இனி பிளா புக்கைப் பிடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழிலை விடுவது லேசான காரியம் இல்லை. அவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் வலை மட்டுமா காரணம்? மேகாங்கின் மேல்பகுதியில் சீனா வரிசையாக அணைகள் கட்டியிருக்கிறது. லாவோஸில் சயாபுரி அணை 2019-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. முட்டையிட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிரேறிப் போகும் மீனுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டு, மீனவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. குளத்தில் வளர்க்கலாமே என்பார்கள். சரி, தாய்லாந்து மீன்வளத் துறை 1983-லேயே செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. குளங்களில் இந்த மீன் இன்று நன்றாகவே வளர்கிறது. ஆற்றில்தான் அழிவின் விளிம்பில் நிற்கிறது.

நம்பிக்கை தரும் செய்தி கம்போடியாவிலிருந்து வந்தது. அங்கே தொன்லே சாப் என்ற பெரிய ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் மேகாங் பெருகும்போது, ஏரியையும் ஆற்றையும் இணைக்கும் தொன்லே சாப் ஆறு திசை மாறி ஏரிக்குள் பாயும். மழை ஓய்ந்ததும் தண்ணீர் திரும்ப வடியும். மீன்களும் அதோடு சேர்ந்து மேகாங்குக்கு இறங்கும். அந்த வழியில் ஆற்றின் குறுக்கே பிரம்மாண்டமான மடிவலைகளை வரிசையாகக் கட்டி, விரற்கடை அளவு மீன்களை டன் கணக்கில் வாருவார்கள். சில சமயம் ராஜ மீனும் அதில் வந்து விழுந்துவிடும். அதைப் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம்.

2024 டிசம்பரில் ஐந்தே நாளில் ஆறு மீன்கள் அப்படி மாட்டின. மீனவர்கள் உடனே தகவல் சொன்னார்கள். அதிகாரிகளும் ஆய்வாளர்களும் வந்து அளந்து, முதுகில் எண் பொறித்த சிறு அடையாளப் பட்டையைக் கோத்தார்கள். இருப்பதிலேயே பெரியது இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், 131 கிலோ. ஆறையும் உயிரோடு ஆற்றில் விட்டார்கள். இனி எங்காவது எந்த மீனவர் வலையிலாவது அதில் ஒன்று ஏறினால், முதுகில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னால் போதும், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.