நொய்யலின் உப்புக் கணக்கு

(சென்னிமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வரும்போது அவரவர் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கொண்டு வந்திருக்கிறீர்கள். அதைக் கடைசியில் பார்ப்போம்.

என் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், தோட்டம் நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. 1992இல் அணை கட்டி முடித்தபோது, ஈரோடு, கரூர்ப் பக்கம் பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்றார்கள். அப்புச்சி இன்னும் ஐம்பது தென்னம்பிள்ளை வாங்கி வைத்தார். சில வருடங்களில் கிணற்றுத் தண்ணீர் கரித்தது. தேங்காய் சிறுத்தது, மஞ்சள் போட்டால் இலை கருகியது. மாடுகூட அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அதே வருடங்களில் என் மாமன், அப்புச்சியின் மூத்த மகன், அணைக்கு மேலே அதே ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பங்குதாரர். என்னைக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்க வைத்தது அந்தப் பட்டறைப் பணம். லாபமும் நட்டமும் ஒரே குடும்பத்துக்குள் இருந்தன. நம் பக்கத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஒன்றிரண்டு இல்லை. அதனால் இன்று யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் பேச வரவில்லை.

கல்லூரியில் எனக்கு ஒரு வளைவைக் கற்றுக்கொடுத்தார்கள். 1955இல் சைமன் குஸ்நெட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சொன்னது: ஒரு நாடு வளரத் தொடங்கும்போது ஏற்றத்தாழ்வு கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் குறையும். வரைந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்கும். அந்தக் கட்டுரையிலேயே அவர் நேர்மையாக ஒன்றையும் எழுதினார்: இதில் ஐந்து சதவீதம்தான் தரவு, தொண்ணூற்றைந்து சதவீதம் ஊகம் என்று. பின்னால் வந்தவர்கள் பலர் சட்டியை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

1990களில் ஜீன் கிராஸ்மேன், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சுற்றுச்சூழலிலும் அதே சட்டியைக் கண்டார்கள். வருமானம் ஏற ஏற மாசு கூடும், அப்புறம் இறங்கும். தலைக்கு எட்டாயிரம் டாலர் வருமானம் வருவதற்கு முன்பே பெரும்பாலான மாசுகள் திரும்பிவிடுகின்றன என்று 1995இல் எழுதினார்கள். ‘முதலில் வளர்வோம், அப்புறம் கழுவிக்கொள்வோம்’ என்று பேசுகிறவர்களுக்கு இது கையில் கிடைத்த சீட்டு ஆகிவிட்டது. ஆனால் அவர்களும் அதே கட்டுரையில், இது தானாக நடக்கும் என்று நம்பக் காரணம் இல்லை, மக்கள் கேட்டு அரசுகள் சட்டம் போட்டதால்தான் மாசு இறங்கியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் ஆறுகளில் பார்த்தது ஆக்சிஜனின் நிலை, மலக்கழிவு, கன உலோகங்கள். உப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

நொய்யலைக் கொன்றது உப்பு. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது; வேலை முடிந்ததும் அலசுகிற தண்ணீரோடு மொத்தமாக வெளியே வரும். தொண்ணூறுகளில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் மற்ற மருந்தும் போட்டு நிறத்தை எடுத்தன. உப்பை எடுக்கவில்லை. பார்த்தால் தெளிந்த தண்ணீர், வாயில் வைத்தால் கரிப்பு. வெள்ளியங்கிரியில் பிறந்து கொடுமுடிப் பக்கம் காவிரியில் சேர வேண்டிய ஆறு, இடையில் ஓர் அணைக்குள் அந்த உப்பைக் கொட்டி வைத்தது. பாசனத்துக்குக் கட்டிய அணை. ‘தண்ணீரைத் தேக்காதீர்கள்’ என்று விவசாயிகளே கேட்டுப் போராடிய அணை வேறு எங்காவது உண்டா, எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் நம் வளைவு எப்போது திரும்பியது? திருப்பூரின் வருமானம் ஏதோ ஓர் எண்ணைத் தொட்டபோதா? இல்லை. ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது ஆற்றுப் பாசன விவசாயிகள், உயர் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2006இல், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. 2009இல் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது. அதற்குப் பிறகும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். அணை கட்டி 19 வருடம். இந்த வளைவைக் கட்டி இழுத்துத் திருப்பினார்கள், அதுவும் கடன் வாங்கி வழக்கு நடத்தியவர்கள்.

அந்த 19 வருடத்தின் விலை என்ன? 2004இல் இழப்பீடு நிர்ணயித்த அதிகார அமைப்பு, 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம்கூட வரவில்லை. ஒரு தென்னந்தோப்பு காய்ப்புக்கு வர எத்தனை வருடம் என்று முன்வரிசைப் பெரியவர்களுக்குத் தெரியும். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். நாம் ஆற்றில் போட்டதை யாரும் அளக்கவில்லை. அளக்காத செலவு மாவட்டத்தின் வளர்ச்சிக் கணக்கில் வரவே இல்லை. ஏற்றுமதி மட்டும் வந்தது.

இங்கே ஜேம்ஸ் பாய்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1994இல் எழுதியது எனக்கு மிகவும் உதவியது. மாசினால் ஆதாயம் அடைகிறவர் பலசாலியாகவும், அடிபடுகிறவர் வலுவில்லாதவராகவும் இருக்கும் இடத்தில் மாசு கூடும் என்பது அவர் வாதம். அதாவது ஏற்றத்தாழ்வும் சுற்றுச்சூழலும் இரண்டு தனிப் பாடங்கள் இல்லை. என் வீட்டில் நடந்ததும் அதுதான். அப்புச்சிக்கும் மாமனுக்கும் நடுவே பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் பந்தியில் அப்புச்சி கிணற்றைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘அதை அப்புறம் பார்க்கலாங்கப்பா’ என்று மாமன் சொல்வார். பேச்சு அதோடு நின்றுவிடும். காசு இருக்கும் பக்கம்தான் எது ‘அப்புறம்’ என்று தீர்மானித்தது.

கேள்வி நேரத்தில் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ‘அப்போ வளர்ச்சியே வேண்டாமா?’ வேண்டும். வானம் பார்த்த மேட்டாங்காட்டில் சோளமும் கம்பும் விதைத்து, மூன்று வருடத்தில் இரண்டு வருடம் பதர் அறுத்தவர்கள் நாம். பனியன் கம்பெனி வராவிட்டால் எத்தனை பெண்கள் தன் கையால் சம்பளம் எண்ணியிருப்பார்கள்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இன்று வந்து தைக்கிற பிள்ளைகளுக்கும் அந்தச் சம்பளம் வேண்டும். வளர்ச்சியை நிறுத்தச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வளர்ந்து முடித்தவர்கள், அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கழிவை நிறுத்தியதற்கும் விலை உண்டு. கழிவுநீரை ஆர்.ஓ.வில், அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வில், வடிகட்டி, மிஞ்சுகிற கரைசலைக் கொதிக்க வைத்து உப்பைப் பிரிக்க வேண்டும். அதற்கு மின்சாரம், நீராவி. கொதிகலனில் விறகும் கரியும் எரிகின்றன. பெரிய பட்டறை அதைத் தாங்கியது, சின்னப் பட்டறைகளில் பல எழவே இல்லை. என் மாமன் பங்கை விற்றுவிட்டு வெளியே வந்தார். இப்போது சட்டை வாங்குகிற ஐரோப்பியக் கடை, அந்தச் சுத்திகரிப்புச் செலவுக்காகப் பீஸ் விலையில் எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறது? இதை நான் கேட்ட ஏற்றுமதிக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கையை விரித்தார்கள். பணக்கார நாடுகளின் ஆறுகள் தெளிந்ததில் ஒரு பங்கு, சாயம் போடுகிற வேலையை அவர்கள் நம் ஊருக்கு அனுப்பிவிட்டதால் வந்தது. வளைவின் இறங்குமுகத்தில் அவர்கள் நிற்க, ஏறுமுகத்தை நாம் சுமந்தோம். நாளைக்கு நாம் அதை எந்த ஊர் ஆற்றுக்கு அனுப்பப் போகிறோம் என்பதுதான் எனக்குள்ள பயம்.

அப்புச்சி போய்ப் பத்து வருடம் ஆகிறது. கிணறு இருக்கிறது. போன வாரம் வாளி விட்டு மொண்டு பார்த்தேன். மழை நல்லாப் பெய்த வருடத்துக்குப் பிறகும் நாக்கில் அந்தக் கரிப்பு இருக்கிறது.

சரி, பாட்டில்களுக்கு வருவோம். இந்த மேசையில் இருப்பது டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி. பேனா அளவுதான், விலையும் அதிகம் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர்ப் பேர், கிணறா போரா, எத்தனை அடி, ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், இவ்வளவு சொன்னால் போதும். அடுத்த கோடையில் இதே கிணறுகளை மறுபடி அளப்போம். அணைக்குக் கீழே இருந்து வந்தவர்கள் முதலில் வாங்க.