பக்கத்து ஆளா, பயிற்சி வகுப்பா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை விட்டுவிட்டுப் பெரம்பூர் வரை வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

ஊழியரை வளர்ப்பது பயிற்சி வகுப்பு அல்ல, பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவரே என்று இந்தப் பட்டிமன்றத்தில் பேச வந்தேன். அதற்குள் எதிரணித் தங்கை ஒரு குண்டு போட்டுவிட்டார். "வடசென்னையில் பக்கத்து அண்ணன் என்ன கற்றுக்கொடுப்பார் என்று ஊருக்கே தெரியும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்!

தங்கச்சி, சினிமா பார்த்துவிட்டுப் பேசாதீர்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு. சொல்லிக்கொடுத்தது யார்? ஆட்டோ ஓட்டும் அவர் அப்பா. 1918-ல் பின்னி துணி ஆலைத் தொழிலாளர்கள் இதே பெரம்பூரில் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைமைப் பண்புக்கு எந்த ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள்? ஆலைக்குப் பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டார், இவர்கள் கூடினார்கள். அவ்வளவுதான்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். நடுவர் முறைக்கிறார்.

மணலிப் பக்கம் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். கம்ப்ரசர் பிரிவில் நான் இருந்தபோது காது கேளாத தம்பி ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவான். பாதுகாப்புப் பயிற்சி என்று எல்லாரையும் உட்கார வைத்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். வந்ததும் முதல் வேலையாக விளக்கை அணைத்தார். படம் காட்ட வேண்டுமே! உதடும் போச்சு. திரையில் எழுத்தாவது வந்ததா? அதுவும் இல்லை. மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளை இருட்டில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் சிரித்தால் அவனும் சிரித்தான், கொஞ்சம் லேட்டாக.

கடைசியில் கருத்துப் படிவம். முதல் கேள்வி: "பயிற்சியாளரின் குரல் தெளிவாக இருந்ததா?"

தம்பி போட்ட மார்க், ஐந்துக்கு ஐந்து!

பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு முறை சொல்கிறேன். காதே கேட்காத பிள்ளை, குரலுக்கு ஐந்துக்கு ஐந்து! அந்த மார்க்கை வைத்து அலுவலகத்தில் அறிக்கை எழுதி, அடுத்த வருஷமும் அதே ஆளைக் கூப்பிட்டார்கள். வந்தார். மறுபடியும் விளக்கை அணைத்தார்!

எதிரணி சிரிக்கிறது. பக்கத்து ஆளைப் பார்த்துத்தானே போட்டான் என்கிறீர்களா? ஆமாம், பார்த்துத்தான் போட்டான். வேறு எதைப் பார்ப்பான், இருட்டையா?

அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆபரேட்டர் அண்ணன். மெயின் சுவிட்சை அணைத்தார். வேறு யாரும் போட முடியாதபடி அதற்குப் பூட்டுப் போட்டார். "ஆள் வேலை செய்கிறார்" அட்டையை மாட்டினார். ஸ்டார்ட் பட்டனை அவனையே அழுத்தச் சொன்னார். ஓடவில்லை. சாவியை அவன் சட்டைப் பையிலேயே போட்டார். மெஷினில் கை வைக்கிறவனிடம்தான் சாவி இருக்க வேண்டும். வாயைத் திறக்கவே இல்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்குமா?

முன்வரிசையில் இருக்கும் பயிற்சித் துறை நண்பர்களே, 70-20-10 என்று நீங்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். வேலை செய்து கற்பது 70, கூட இருப்பவர்களிடம் 20, வகுப்பில் 10. அந்தப் பத்தை வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் எங்களை மிரட்டினீர்கள்? 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. வாசல் வரை சட்டம் கொண்டுவந்து விடும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பது யார்?

அப்புறம் ஒரு ஆயுதபூஜை. வீட்டுக்காரர்களை உள்ளே விடுகிற நாள். தம்பியின் அம்மா எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். மெஷினுக்கெல்லாம் பொட்டு, மாலை. எங்கள் ஆட்கள் தம்பியைச் சுற்றி நின்று, கையாலேயே பேசி, கையாலேயே கிண்டலடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன்பா, இவங்க யாருக்குமே காது கேக்காதா?"

ஆபரேட்டர் அண்ணன் திரும்பினார். "கேக்கும்மா. இந்த மெஷின் சத்தத்துல எங்களுக்கும் இதான் வசதி. உன் புள்ளதான் சொல்லிக்குடுத்தான்."

அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும் தன் கையாலேயே பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்தார்.

நடுவர் மணி அடித்துவிட்டார். அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எதிரணித் தங்கை வந்து சொல்லட்டும். வணக்கம்.