சான் டியேகோவில் ஆர்வி நிறுத்த இடம் தேடுகிறீர்களா? முதலில் ஊரா, கடலா என்று முடிவு செய்யுங்கள்

வணக்கம், எல்லோரும் நலமா? போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். "சான் டியேகோவில் எந்த ஆர்வி பார்க் நல்லது?" (ஆர்வி என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி; அதை நிறுத்தித் தங்கும் இடம்தான் ஆர்வி பார்க்.) பதிலுக்கு முன்னால் நான் உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் வருவது ஊர் சுற்றிப் பார்க்கவா, கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரவா? இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் புக் செய்தால் ஊரும் பார்த்த மாதிரி இருக்காது, கடலும் பார்த்த மாதிரி இருக்காது.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஆட்களில் நிறையப் பேர் வாடகைக்கு எடுப்பது 25 முதல் 30 அடி வரை நீளமுள்ள கிளாஸ் சி வண்டி, அதாவது வேன் முகப்போடு வரும் நடுத்தர அளவு ஆர்வி. கூடவே இழுத்துப் போகச் சின்னக் கார் இருக்காது. அப்படியென்றால் மிருகக்காட்சி சாலைக்குப் போவதும், மிட்வே கப்பல் மியூசியத்துக்குப் போவதும், பால் வாங்கப் போவதும் அதே வண்டியில்தான். காலையில் எழுந்து கரன்ட் ஒயரைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, அடுப்பு மேல் இருக்கும் பாத்திரத்தையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டி, ஐ-5 நெடுஞ்சாலை நெரிசலில் போய்ச் சேர்ந்தால், டவுன்டவுனில் அடுக்குமாடி பார்க்கிங் ஏழு அடி உயரத்துக்குத்தான் விடும். உங்கள் வண்டியோ பதினோரு அடிக்கு மேல். பாதி நாள் இதிலேயே போய்விடும்.

அதனால் ஊர் பார்க்கிற நாட்களுக்கு நான் சொல்வது சூலா விஸ்டா. டவுன்டவுனுக்குத் தெற்கே, வளைகுடாவை ஒட்டிய ஊர். அங்கே கேஓஏ என்கிற ஆர்வி பார்க் இருக்கிறது, வளைகுடா ஓரமாகவே சன் அவுட்டோர்ஸ் என்கிற இன்னொன்றும் இருக்கிறது. இரண்டுமே ஃபுல் ஹூக்கப், அதாவது கரன்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் உங்கள் இடத்திலேயே. அதைவிட முக்கியம் டிராலி, ஊருக்குள் ஓடும் மின்சார ரயில். சான் இசிட்ரோ எல்லையிலிருந்து கிளம்பும் ப்ளூ லைன் சூலா விஸ்டா வழியாக டவுன்டவுன், ஓல்டு டவுன் எல்லாம் தொட்டுப் போகிறது. 2021 நவம்பரில் வடக்கே யூடிசி ஷாப்பிங் மால் வரைக்கும் நீட்டிவிட்டார்கள். வண்டியை ஒரே இடத்தில் போட்டுவிட்டு, ஸ்டேஷன் வரைக்கும் ஒரு ஊபரோ சைக்கிளோ பிடித்துக்கொண்டால், அரை மணிக்குள் டவுன்டவுனில் இறங்கலாம். அங்கே ஜன்னலைத் திறந்தால் அலை தெரியாது, சரி. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, ராத்திரி தூங்கத்தானே வருகிறீர்கள்.

பட்ஜெட் இடித்தால் கிழக்கே சான்டீ லேக்ஸைப் பாருங்கள். பாட்ரே டேம் என்கிற தண்ணீர் வாரியம் நடத்துகிற இடம். ஏழு ஏரிகள், எல்லாமே சுத்திகரித்த மறுசுழற்சித் தண்ணீர். மீன் பிடிக்கலாம், வாத்துகளைப் பார்க்கலாம், குளிக்க முடியாது. மரநிழல் உண்டு, தரை சமமானது, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கடற்கரையில் இதமாக இருக்கும்போது சான்டீயில் வெயில் கொளுத்தும். ஏசி நாள் முழுக்க ஓடும்.

ஏசி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, நம் வீட்டுச் சமையலுக்கு இது முக்கியம். புக் செய்யும்போது 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று இரண்டு வகை காட்டும். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் 30 ஆம்ப் பிளக்தான். கணக்கு சுலபம்: 120 வோல்ட், 30 ஆம்ப், மொத்தம் 3,600 வாட். ஏசி ஒன்றரை ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 1,800. அதற்கு மேல் ரைஸ் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழுந்து எல்லாம் அணைந்துவிடும். 50 ஆம்ப் என்பது இதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று நினைக்காதீர்கள். அதில் இரண்டு லைன் வருகிறது, மொத்தம் 12,000 வாட். ஆனால் உங்கள் வண்டி 30 ஆம்ப் வண்டி என்றால் அந்த இடத்துக்குக் கூடுதலாகக் காசு கொடுத்துப் பயனில்லை. குக்கர் போடும் அரை மணி நேரம் ஏசியை நிறுத்துங்கள், வேலை முடிந்தது.

சரி, இப்போது கடலுக்கு வருவோம். இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இப்போது உட்கார்ந்திருப்பது சான் எலிஹோ ஸ்டேட் பீச். என்சினிடாஸ் பக்கம், கார்டிஃப். கடலுக்கு மேலே மண்மேடு, அந்த மேட்டு மேல் கேம்ப்கிரவுண்ட். பார்க்க எவ்வளவு அழகு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், கேமராவைத் திருப்புகிறேன். இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் ரோடு, ரோட்டைத் தாண்டினால்... பொறுங்கள், பேச முடியவில்லை, போகட்டும். கேட்டதா? அதுதான் ரயில். கோஸ்டர், ஆம்ட்ராக், ராத்திரியில் சரக்கு ரயில், எல்லாம் இந்த லைன்தான். இதனால்தான் எந்த கேம்ப்கிரவுண்ட் என்பதோடு எந்த சைட் நம்பர் என்பதையும் பாருங்கள் என்கிறேன். கடல் பக்க வரிசைக்கும் ரோட்டுப் பக்க வரிசைக்கும் நடுவே தூரம் கொஞ்சம்தான், தூக்கத்தில் வித்தியாசம் ஏராளம். புக் செய்வதற்கு முன்னால் சாட்டிலைட் மேப்பைத் திறந்து உங்கள் சைட் எங்கே, கழிப்பறை எங்கே, வண்டிகளின் கழிவு டேங்கைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன் எங்கே என்று பார்த்துவிடுங்கள். டம்ப் ஸ்டேஷனுக்குப் பக்கத்து சைட் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். காரணம் கேட்காதீர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இந்த மேட்டு கேம்ப்கிரவுண்டுகளை யோசித்து எடுங்கள். சான் எலிஹோவிலும் சரி, இன்னும் வடக்கே சவுத் கார்ல்ஸ்பாடிலும் சரி, மணலுக்குப் போகப் படிக்கட்டில் இறங்க வேண்டும். இறங்கிவிடலாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதுதான் பாடு. இன்னொன்று, இறங்கினபிறகு மேட்டின் அடியில் நிழலாக இருக்கிறதே என்று நாற்காலி போடாதீர்கள். இந்தக் கரை மண் உதிர்கிற கரை. 2019 ஆகஸ்டில் இதே என்சினிடாஸில் கிராண்ட்வியூ பீச்சில் மேடு சரிந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். எச்சரிக்கைப் பலகை எல்லா இடத்திலும் இருக்கிறது, அதன் கீழேயே பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களையும் பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரியில் பெரிய ஓதம் வரும் நாட்களில் சில இடங்களில் மணலே மிஞ்சாது. கிளம்பும் முன் ஓத அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

பெரியவர்களுக்கு ஏற்றது சில்வர் ஸ்ட்ராண்ட். கோரனாடோவுக்குத் தெற்கே, ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் வளைகுடா, நடுவில் மெல்லிய மணல் திட்டு. படிக்கட்டு கிடையாது, வண்டியை விட்டு இறங்கினால் மணல். ரோட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாக வளைகுடாப் பக்கம் போனால் அலை இல்லாத தண்ணீர், குழந்தைகளுக்கு அதுதான் வசதி. டென்ட் போட அனுமதி இல்லை, தனக்கென்று கழிப்பறை, டேங்க் எல்லாம் உள்ள ஆர்விக்கு மட்டும். உண்மையைச் சொன்னால் அது ஒரு பெரிய பார்க்கிங் லாட். பந்தியில் இலை போட்ட மாதிரி வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு மரம் இல்லை. பக்கத்து வண்டிக்காரர் என்ன வறுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் என்ன தாளிக்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியும். முதல் வரிசை கிடைத்தால் மட்டும் இதெல்லாம் கண்ணில் படாது, முன்னால் கடல்தான். போகும்போது கோரனாடோ பாலம் வழியாகப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. உயரமான பாலம், காற்று அடிக்கும் நாளில் பெரிய வண்டி ஆடும். ஐ-5-இல் தெற்கே இறங்கி, பாம் அவென்யூ பிடித்து, இம்பீரியல் பீச் வழியாக 75-ஆம் நெடுஞ்சாலையில் மேலே வாருங்கள்.

ஆனால் சில்வர் ஸ்ட்ராண்டுக்கு ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் டிஹுவானாவிலிருந்து வரும் ஆறு இம்பீரியல் பீச்சுக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. சாக்கடையும் கூடவே வருகிறது. பல வருடமாகத் தீராத பிரச்சினை. இம்பீரியல் பீச் கரை மாதக்கணக்கில் மூடிக் கிடந்திருக்கிறது. அலை தெற்கிலிருந்து வரும்போது அந்தத் தண்ணீர் வடக்கே சில்வர் ஸ்ட்ராண்ட் வரைக்கும், சில சமயம் கோரனாடோ வரைக்கும் ஏறும். கேம்ப்கிரவுண்ட் திறந்தே இருக்கும், புக்கிங்கும் நடக்கும், தண்ணீரில் மட்டும் கால் வைக்க முடியாது. கடலில் இறங்குவதுதான் உங்கள் நோக்கம் என்றால் கவுன்டியின் கடற்கரைத் தண்ணீர்த் தர அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மழை பெய்தால் கவுன்டி முழுக்க 72 மணி நேரம் தண்ணீரில் இறங்காதீர்கள் என்றுதான் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்க மட்டும் என்றால் தாராளமாகப் போகலாம்.

அப்புறம் இது கடற்படை ஊர். சில்வர் ஸ்ட்ராண்டுக்கு இரண்டு பக்கமும் கடற்படை தளம்தான், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் மகனுக்கு அது கொண்டாட்டம், எனக்கு இல்லை. வடக்கே தூரத்தில் சான் ஓனோஃப்ரே இருக்கிறதே, அதன் நிலமே கேம்ப் பெண்டில்டன் மரைன் தளத்துக்குச் சொந்தமானது. பீரங்கிப் பயிற்சி நாளில் ஜன்னல் அதிரும். பக்கத்தில் 2013-இல் மூடிய அணுமின் நிலையம், ஒரு பக்கம் ஐ-5, கூடவே ரயில். பழைய 101 நெடுஞ்சாலையின் மேலேயே சைட்டுகள், ஹூக்கப் கிடையாது. இவ்வளவும் சொன்னபிறகு யார் போவார்கள் என்கிறீர்களா? சர்ஃபிங் செய்கிறவர்கள் போவார்கள். ட்ரெசில்ஸ் அலை அங்கேதான். உங்களுக்கு அதில் ஆர்வம் இல்லையென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஹூக்கப் இல்லாத இடத்தில் தங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கலிபோர்னியா ஸ்டேட் பார்க்குகளில் ஜெனரேட்டர் காலை 10 முதல் இரவு 8 வரைதான். காலை ஆறு மணிக்கு ஃபில்டர் காபிக்கு டிகாக்‌ஷன் இறக்க கேஸ் அடுப்புதான் கதி. இரண்டாவது, கிரே டேங்க், அதாவது சிங்க்கிலும் ஷவரிலும் ஓடும் தண்ணீர் சேரும் தொட்டி. கழிப்பறைத் தொட்டியைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுவார்கள், முதலில் நிறைவது இதுதான். நான்கு பேர் குளித்து, குழம்புச் சட்டி, சோற்றுப் பானை, தோசைக்கல் எல்லாம் கழுவினால் இரண்டு நாளில் ஷவர் காலடியில் தண்ணீர் ஏறிவரும். பாத்திரத்தை முதலில் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கேம்ப்கிரவுண்ட் ஷவரைப் பயன்படுத்துங்கள்.

எப்போது வருவது? மே, ஜூனில் கடற்கரையில் மேகம் மூடிக் கிடக்கும். 'ஜூன் க்ளூம்' என்று ஊர்க்காரர்களே அலுத்துக்கொள்வார்கள். கடல் சைட்டுக்கு ஆசைப்பட்டு ஜூனில் வந்து போர்வைக்குள் இருக்காதீர்கள். என் தேர்வு செப்டம்பர், முதல் திங்களில் வரும் லேபர் டே விடுமுறை முடிந்தபிறகு. பள்ளிகள் திறந்துவிடும், கூட்டம் குறையும், தண்ணீர் வருடத்திலேயே வெதுவெதுப்பாக இருக்கிற சமயம். பிற்பகுதியில் பாலைவனத்திலிருந்து சாண்டா அனா காற்று கிளம்பலாம். வண்டியை விட்டு வெளியே போகும்போது ஆனிங்கை, அந்த வெளித்தட்டியை, சுருட்டிவைத்துவிட்டுப் போங்கள்.

புக்கிங். ஸ்டேட் பீச் எல்லாம் ரிசர்வ் கலிபோர்னியா தளத்தில், ஆறு மாதத்துக்கு முன்னால், பசிபிக் நேரம் காலை 8 மணிக்குத் திறக்கும். ஜூலை 10 வேண்டுமென்றால் ஜனவரி 10 காலையில் விரலை வைத்துக்கொண்டு தயாராக இருங்கள். கோடை வார இறுதி நிமிடங்களில் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையா, ரத்தாகும் இடங்களைப் பாருங்கள், ஞாயிறு முதல் வியாழன் வரை ஒன்றிரண்டு இரவு விழுந்துகொண்டே இருக்கும். சைட் விவரத்தில் இருக்கும் அதிகபட்ச நீளத்தை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். 26 அடி என்று போட்டிருந்தால் உங்கள் 30 அடி வண்டி எப்படித் திருப்பினாலும் நுழையாது. தனியார் பார்க்கில் கோடையில் ஓர் இரவுக்கு 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதற்கு மேல் நீங்கள் கேட்ட சைட் நம்பரையே உறுதி செய்ய லாக் ஃபீ என்று தனியாக வாங்குகிறவர்களும் உண்டு. சொந்த வண்டிக்காரர்கள் வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியைச் சில பார்க்குகள் எடுப்பதில்லை.

"மீரா மேசாவில் என் மச்சான் வீடு இருக்கிறது, வாசலில் நிறுத்திக்கொள்கிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அண்ணா, வேண்டாம். 27 அடிக்கு மேல் நீளமும் 7 அடிக்கு மேல் உயரமும் உள்ள வண்டியை சான் டியேகோ நகரத் தெருக்களில் அனுமதிச் சீட்டு இல்லாமல் இரவு 2 முதல் காலை 6 வரை நிறுத்தக் கூடாது. மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு பார்க்குக்குத் திரும்பிவிடுங்கள்.

ஐந்து இரவு கையில் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: முதல் மூன்று சூலா விஸ்டாவில், ஊரை முடித்துவிட்டு, கடைசி இரண்டு கடலில். இந்த வரிசை முக்கியம். ஃபுல் ஹூக்கப் இடத்திலிருந்து கிளம்பும் காலையில் இரண்டு கழிவு டேங்கையும் காலி செய்துவிட்டு, நல்ல தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு கடலுக்குப் போனால், அங்கே இரண்டு நாளும் தண்ணீர்க் கவலை இருக்காது. தனியார் பார்க்கில் காலையில் காலி செய்யச் சொல்வார்கள், ஸ்டேட் பீச்சில் உள்ளே விடுவது பொதுவாக மதியம் 2 மணிக்குப் பிறகு. நடுவில் கிடைக்கும் நேரத்தில் பிளாக் மவுண்டன் ரோடு பக்கம் போய் மளிகையும் தோசை மாவும் வாங்கிக்கொள்ளலாம், சான் எலிஹோவுக்குப் போகிற வழியில் கொஞ்சம் திரும்பினால் போதும். உங்கள் வண்டி நீளம், எத்தனை பேர், எந்த மாதம், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். சைட் நம்பர் வரைக்கும் பார்த்துச் சொல்கிறேன்.