ஊட்டி: கோடப்பமந்து கால்வாயோடு ஏரி வரை ஒரு நடை

வணக்கம் மக்களே! "ஏரியைக் காட்டுகிறீர்கள், ஊட்டியில் ஆறு எங்கே?" என்று போன வீடியோவில் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆறு என்று சொல்ல முடியாது, ஆனால் ஊருக்கு நடுவே ஓர் ஓடை போகிறது. கோடப்பமந்து கால்வாய். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே இதைத் தாண்டிப் போவார்கள். ஆனால் நீங்கள் ஊட்டியில் தேடி வருகிற இடங்களில் பாதி இந்த ஓடையின் வழியில்தான் இருக்கிறது. வாருங்கள், நடப்போம்.

எனக்குப் பின்னால் தெரிவது தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அந்தப் பக்கத்துச் சரிவுகளில் பெய்கிற மழைதான் இந்த ஓடைக்குத் தொடக்கம். தாவரவியல் பூங்காவும் அதே மலையின் கீழ்ச்சரிவுதான். 1848-ல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் உருவாக்க ஆரம்பித்தது. பூங்காவுக்கு ஏற்கெனவே ஆயிரம் வீடியோ இருக்கிறது, தாண்டிவிடுவோம்.

சரி, சேரிங் கிராஸ் வந்துவிட்டோம். எல்லாரும் செல்ஃபி எடுக்கிற இந்த நீரூற்று 1886-ல் கட்டியது. சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லியம் ஆடம் 1881-ல் ஊட்டியிலேயே இறந்தார், அவர் நினைவாக. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏரியில் வேலை இருக்கிறது.

இங்கிருந்து மார்க்கெட் பக்கம் வரும்போது கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் சாம்பல் நிறச் சேறு, அதன்மேல் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர். ஓரத்தில் முட்டைக்கோஸ் இலை, கேரட் தழை. அதோ, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்! நீலகிரியில் அதற்குத் தடை. வழியெல்லாம் வாட்டர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், அப்படியும் எப்படியோ ஏறி வந்துவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டுச் சாக்கடை என்கிறார்கள். கொட்டியது யார்? ஓடையா கொட்டியது?

அடுத்து ரேஸ்கோர்ஸ், பஸ் ஸ்டாண்ட். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு காலத்தில் இதெல்லாம் ஏரி. கொஞ்சம் கொஞ்சமாக ஏரியை வற்றவைத்து, மேடாக்கி, குதிரை ஓட்ட மைதானம் போட்டார்கள், அப்புறம் பஸ் ஸ்டாண்டும் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்குகிற நீங்கள் பழைய ஏரிக்குள்தான் கால் வைக்கிறீர்கள். ஒரு மணி நேரம் அடித்து மழை பெய்தால் ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி, வண்டி எல்லாம் நின்றுவிடும். உடனே "ஊருக்குள் தண்ணீர் புகுந்தது" என்று செய்தி வரும். தண்ணீர் எங்கேயும் புகவில்லை, பழைய வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். 2024-ல் வருவாய்த் துறை ரேஸ்கோர்ஸின் 52 ஏக்கரை மீட்டது. என்னைக் கேட்டால் அங்கே கட்டடமே வேண்டாம், மழைநீர் நிற்க ஒரு பள்ளம் இருந்தால் போதும்.

ஏரிக்கு வந்தாச்சு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1824 வாக்கில் ஓடைகளை மறித்துக் கட்டியது. இயற்கை ஏரி என்று சில கைடுகள் அடித்துவிடுவார்கள், நம்பாதீர்கள். இப்போது சுமார் 65 ஏக்கர். படகுச் சவாரிக்கு நீண்ட வரிசை நிற்கிறது, நாம் பக்கத்தில் புனித தோமையார் ஆலயத்துக்குப் போவோம். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரிய தூண் தெரிகிறதா? நம்ம நீரூற்று கவர்னர் ஆடம் அங்கேதான் இருக்கிறார். விவேகானந்தரின் சொற்பொழிவுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்த குட்வினின் கல்லறையும் இங்கேதான். 1898-ல் ஊட்டியில் இறந்தார். ஏரிக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஏரியில் நிரம்பி வழிகிற தண்ணீர் காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. அங்கிருந்து மாயாறு, அப்புறம் பவானிசாகர். ஆகவே கோபி, சத்தியமங்கலம் பக்கத்து மக்களே, மார்க்கெட்டில் பார்த்தோமே, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு!

நடந்து வர நினைப்பவர்களுக்கு: மொத்தம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான், பெரும்பாலும் இறக்கம். சொந்த வண்டியில் மலை ஏறினால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். மே மாதம் சேரிங் கிராஸில் வண்டி நிறுத்த இடம் தேடாதீர்கள், கிடைக்காது. காமராஜ் சாகர் வரைக்கும் போகிற வீடியோ வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள்.