கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம்: பணம் வந்துவிட்டது, பெயர்தான் வரவில்லை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் விளையாடும் மாணவர்களுக்குச் சம்பளம் தரலாமா என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

எனக்கு எதிரே உள்ள இன்னொரு திரையில், 2019 பிப்ரவரியில் டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் மோதிய கூடைப்பந்து ஆட்டத்தின் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினெட்டு வயது சயான் வில்லியம்சன் பந்தோடு காலை ஊன்றித் திரும்புகிறார். இடது காலணி பக்கவாட்டில் பிளந்து பாதம் வெளியே வந்துவிடுகிறது. அவர் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்கிறார். மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் அந்த அரங்கில் இருந்தார்கள். தொலைக்காட்சிக்கு வருமானம் வந்தது, பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. கிழிந்த காலணிக்குரியவருக்கு மட்டும் படிப்பு உதவித்தொகைக்கு மேல் ஒன்றும் கிடையாது. காயம் லேசானதாக இருந்ததால், சில மாதங்களில் அவர் தொழில்முறைக் கூடைப்பந்தில் முதல் தேர்வாகச் சேர்ந்துவிட்டார். முழங்கால் அன்றே முறிந்து போயிருந்தால் அவருடைய கணக்கை யார் பார்த்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு இந்த விவகாரத்தின் மையம்.

கல்லூரி விளையாட்டு ஒரு காலத்தில் பணவாடையே படாமல் இருந்தது என்று நம்புகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் போட்டி என்று சொல்லப்படும் 1852ஆம் ஆண்டு ஹார்வர்டு–யேல் படகுப் போட்டிக்குச் செலவு செய்தது ஒரு ரயில்வே நிறுவனம்; ஏரிக்கரைக்குப் பயணிகளை வரவழைப்பதுதான் அதன் நோக்கம். ஆகவே, பணம் வந்து விளையாட்டைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பலை நான் பொருட்படுத்துவதில்லை.

பணத்தைவிட ஒரு சொல்லைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ‘மாணவ வீரர்’ என்று இன்று எல்லோரும் இயல்பாகச் சொல்கிறோமே, அது தானாகப் பிறந்த சொல் அல்ல. டென்வர் பல்கலைக்கழகத்து அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் ஆட்டம்) வீரர் எர்னஸ்ட் நெமத், வளாகத்தில் டென்னிஸ் மைதானங்களைப் பராமரிக்கும் வேலையும் பார்த்து வந்தார். பயிற்சியில் அடிபட்ட அவர் இழப்பீடு கேட்டபோது, கால்பந்து ஆடியதால்தான் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது, எனவே அவர் ஊழியரே என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் 1953இல் ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகங்கள் பதறிப்போயின. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி வீரர் ரே டெனிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்காடினார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, அதனால் அவர் ஊழியர் அல்லர் என்று 1957இல் அதே நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்கு அணை போடத்தான் ‘மாணவ வீரர்’ என்ற சொல்லை உருவாக்கிப் புழக்கத்தில் விட்டோம் என்று, என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக 1951 முதல் 1988 வரை இருந்த வால்டர் பையர்ஸ், ஓய்வு பெற்ற பிறகு தாமே எழுதினார்.

அந்த அணை நன்றாகவே நின்றது. டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கென்ட் வால்ட்ரெப் 1974இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனார். இழப்பீட்டுக்காக அவர் நடத்திய வழக்கு 2000ஆம் ஆண்டில் தோல்வியில்தான் முடிந்தது.

வீரர்கள் தங்கள் பெயரை வைத்துக் காசு பார்க்கக்கூடாது என்ற விதி இருந்த காலத்தின் கூத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். 2013இல் கூடைப்பந்து விமர்சகர் ஜே பைலஸ், என்.சி.ஏ.ஏ.வின் இணையக் கடையில் வீரர்களின் பெயர்களைத் தட்டித் தேடினார். கால்பந்து வீரர் ஜானி மான்சியலைத் தேடி ‘மான்சியல்’ என்று தட்டினால், அவர் ஆடிய டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக அணியின் 2ஆம் எண் சட்டை வந்து நின்றது. சட்டையில் பெயர் இல்லை, ஆனால் கடையின் கணினிக்கு யாருடைய சட்டை என்று நன்றாகவே தெரிந்திருந்தது! இரண்டே நாளில் கதவைச் சாத்துவதுபோல அந்த விற்பனையை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களில் பலருக்குத் தெரியும். கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் வரம்பு விதிப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வீரர்கள் விளம்பரங்களில் நடித்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த உடன்படிக்கையின்படி, முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் தரப்படும். பல்கலைக்கழகங்களும் 2025–26இல் ஆளுக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை தம் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம்.

அந்தப் பணத்தின் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும், நீச்சலுக்கும் மல்யுத்தத்துக்கும் மிச்சம் மீதிதான் என்ற கவலை நியாயமானது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இது எப்படிப் பொருந்தும் என்பதற்கும் தெளிவான விடை இன்னும் இல்லை. ஆனால் ‘பணமே இல்லை’ என்ற வாதத்தை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்டு எம் தன் கால்பந்துப் பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்பியபோது, இனிமேல் அவர் பயிற்சி அளிக்காமல் இருப்பதற்காக 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இத்தனைக்குப் பிறகும் அந்த உடன்படிக்கை வீரர்களை ஊழியர்கள் என்று சொல்லவில்லை. பெருங்காயங்களுக்கு என்.சி.ஏ.ஏ. காப்பீடு வைத்திருக்கிறது; விளையாட்டுக் காலம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை காயங்களுக்குப் பாதுகாப்பு தரும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இவை சங்கம் தன் விருப்பப்படி வகுத்துத் தருபவை. ஊழியர் ஒருவர் சட்டத்தைக் காட்டிக் கேட்டு வாங்கும் உரிமை அல்ல. என்னைக் கேட்டால், பங்குத் தொகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாவது முதலில் அந்த உரிமையை வாங்கிவிட வேண்டும் என்பேன்.

டார்ட்மவுத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணியினர் இதைத்தான் முயன்று பார்த்தார்கள். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகைகூடக் கிடையாது. 2024 மார்ச்சில் 13க்கு 2 என்ற வாக்குகளில் தொழிற்சங்கம் அமைக்க முடிவு செய்தவர்கள், சாதகமான தீர்ப்பு வராது என்ற அச்சத்தில் தொழிலாளர் உறவு வாரியத்திடம் கொடுத்திருந்த மனுவை அந்த ஆண்டின் கடைசி நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே வளாகத்து உணவகத்தில் பகுதிநேரம் வேலை பார்க்கும் மாணவர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. அங்கே அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளும் மாணவர் ஊழியர். அவரே மாலையில் பயிற்சிக்குப் போய்க் காலை முறித்துக்கொண்டால் ‘மாணவ வீரர்’.